அசெம்பிளிக்கு வராத அறுபத்துமூணு பேர்

உக்காருங்க அண்ணாச்சி, இந்தப் பெஞ்சு ரெண்டு பேர் தாங்கும். அந்தக் கோடியில வேண்டாம், கால் ஆடுது. பத்திர விஷயமா வந்திருக்கியளா? சரி சரி. வக்கீல் இப்பதான் உள்ள போனாரு. மொதல்ல எங்க விசாரணைதான். பதினோரு மணிக்குன்னு சொன்னது, இப்ப மணி என்ன? பதினொண்ணே காலு. முப்பத்தோரு வருசம் பி.டி. மாஸ்டரா இருந்தவன் நான், பலவேசம் மாஸ்டர்னா எங்க பக்கம் தெரியும். பதினோரு மணின்னா பத்து அம்பத்தஞ்சுக்கு வரிசை நிக்கணும். இங்க வக்கீலுக்கே அந்த ஒழுக்கம் இல்ல, பெறவு யாரைச் சொல்ல.

இருமலுக்குப் பயந்து தள்ளி உக்காராதீங்க. ஒட்டுற இருமல் இல்ல இது. வாயு குடிச்ச இருமல். அம்மோனியா. ஆடி மாசம் குடிச்சது, ஐப்பசி பொறக்கப் போகுது, இன்னும் விட மாட்டேங்கு.

அந்தா படிக்கட்டுக்குக் கீழ ஒருத்தி நிக்காளே, நீலச் சேலை, அவதான். நம்மளைப் பாக்காத மாதிரியே நிக்கா, பாத்தியளா. தஸ்நேவிஸ்னு பேரு. விசாரணை அவமேலதான். ஒரு ஆளை வேலையை விட்டு எடுக்கணும்னா கம்பெனி வெளியாளை வச்சு விசாரிக்கணும், சட்டம் அப்படி. அதான் இந்த வக்கீல். சாட்சி நான். ஒரே சாட்சி. பதினோரு வருசம் வேலை பாத்திருக்கா. நான் உள்ள போய் நடந்ததை நடந்தபடி சொல்லிட்டா அவ வேலை போயிரும், அப்படி ஒரு கரும்புள்ளி விழுந்தவளைத் தூத்துக்குடியில எந்த இறால் கம்பெனிக்காரனும் சேக்க மாட்டான். சேக்கக் கூடாது. வரிசையில நிக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு வேலை?

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எங்க எம்.டி. என்கிட்ட படிச்ச பையன். நூறு மீட்டர் ஓட்டத்துல கடைசியா வருவான், கேட்டா ஷூ லேஸு அவுந்துட்டு சார்ம்பான். அப்படிப்பட்டவன் இன்னைக்கு இறாலைக் கப்பல்ல அனுப்புதான், நான் அவனுக்குக் கீழ சம்பளம் வாங்குதேன். காலம். போன கார்த்திகையில வீடு தேடி வந்தான். வெளிநாட்டுல இறால் வாங்குதவன் கடுதாசி போட்டிருக்கானாம். தீப் பிடிச்சா, வெள்ளம் வந்தா, வாயு கசிஞ்சா உன் ஆளுவ என்ன செய்வாங்க, எழுதிக் காட்டு, நடத்தியும் காட்டு, இல்லைன்னா உன் இறால் வேண்டாம்னு. சார், நீங்க விசிலு ஊதினா ரெண்டாயிரம் பிள்ளைய மூச்சு விடாம நிக்கும், அறுபது பொம்பளையாளுவளை நிறுத்த மாட்டியளான்னு கேட்டான். அவசரகால அதிகாரின்னு என் பேருக்குக் கீழ போட்டு ஒரு போர்டும் அடிச்சு மாட்டிட்டான்.

எனக்கு எழுதத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டான் மேனேஜர் டென்சிங். அவன் ஒரு சிரிப்பாணி மன்னன், எல்லாத்துக்கும் பல்லைக் காட்டுவான். என் மருமவன் ஒரு நூல் மில்லுல இருக்கான். அவங்க ஃபைலை வாங்கிட்டு வந்து, பஞ்சுன்னு இருந்த இடத்துல எல்லாம் இறால்னு மாத்தி, நூத்திப் பதினெட்டு பக்கம் எழுதி முடிச்சேன். எந்தக் கம்பெனிக்காரன் நூத்திப் பதினெட்டு பக்கம் எழுதுவான்? இறால் மூட்டைகளில் தீப்பொறி விழுந்தால் செய்ய வேண்டியவைன்னு ஒரு அத்தியாயமே இருக்கு. டென்சிங் அதைப் படிச்சுட்டு, ஐஸுக்குள்ள கெடக்குத இறால்ல எப்படி சார் பொறி விழும்னு சிரிச்சான். விழாதுன்னு உனக்கு எவன் சொன்னான்? திட்டம்னா எல்லாத்துக்கும் இருக்கணும். படிச்ச முட்டாளுக்கு இது புரியாது.

மில்லுல அம்மோனியா கெடையாது. இங்க இறாலை உறைய வைக்குத மெஷினுக்குள்ள ஓடுததே அதுதான். அதனால அந்த அத்தியாயத்தை மட்டும் நானே சொந்தமா எழுதினேன். ஏழு பக்கம், பதினாலு விதி. சைரன் கேட்டதும் எல்லாரும் வரிசையா வெளிய வரணும், கொடிக்கம்பத்துக்குக் கீழ அசெம்பிளி, கை இடைவெளி விட்டு நிக்கணும், நான் ரிஜிஸ்டரை விரிச்சுப் பேர் வாசிப்பேன், வந்தவளுக்கு டிக், வராதவளுக்கு ஆப்சென்ட். பதினாலாவது விதியைச் சிவப்பு மையில எழுதினேன்: வெளியே வந்தவர் எக்காரணம் கொண்டும் திரும்பிச் செல்லக் கூடாது.

கொடிக்கம்பம் எங்க நட்டேன் தெரியுமா? ஈசானி மூலையில. காம்பவுண்டுக்குள்ள வடகிழக்கு மூலை. மெஷின் ரூம் நடுவுல இருக்கு. கொடிக்கம்பத்துக்கு நேர் எதிர்த்தாப்ல, கன்னி மூலையில, அதான் தென்மேக்குல, ஒரு பழைய பின்வாசல் உண்டு, அதைத் தொறந்தா உப்பளம். கன்னி மூலையில வாசல் வச்சா வெளங்குமா? முதல் வேலையா அதைப் பூட்டச் சொன்னேன். பெரிய பூட்டு. ஆளுவ நடமாட்டம் ஈசானியத்தைப் பாத்து இருந்தா எடத்துக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது.

மார்கழியில மொத ஒத்திகை. அண்ணாச்சி, அன்னைக்கு நான் பட்ட பாடு. சைரன் அடிச்சாச்சு. ஒருத்தியும் ஓடி வரல. அறுபத்துமூணு பேரும் வாசல்ல நிக்காளுவ. எதுக்கு நிக்காளுவன்னு போய்ப் பாத்தா, ரப்பர் கம்பூட்ஸைக் கழட்டி, கழுவி, ஸ்டாண்டுல கவுத்தி வைக்காளுவ. மேல்சட்டையை மடிக்காளுவ. மருந்துத் தண்ணித் தொட்டியில கையை முக்குதாளுவ. கேட்டா, கம்பூட்ஸோட வெளிய போனா சுத்தம் பாக்குத மேடம் ஏசுவாங்க சார்ங்கா ஒருத்தி. வாயு வந்தாலும் கை கழுவிட்டுத்தான் சாவாளுவ போல. பதினோரு நிமிசம் ஆச்சு. நான் ஏசின ஏச்சுல பாதிப் பேரு அழுதுட்டாளுவ. அழட்டும். அழுதாத்தான் படியும். ஒம்பது ஒத்திகை நடத்தி மூணு நிமிசம் நாப்பது செகண்டுக்குக் கொண்டு வந்தேன். ஸ்டாப் வாட்ச்ல பாத்துச் சொல்லுதேன், வாய்க்கு வந்ததைச் சொல்லல.

இந்தத் தஸ்நேவிஸ் இருக்காளே, அவ மத்தவளுவ மாதிரி அழல. அழுதிருந்தா எனக்கு அப்பவே திருப்தியா இருந்திருக்கும். இறால் உரிக்குத செக்‌ஷன்ல அவ தலைவி மாதிரி. அவ அப்பன், அண்ணன் எல்லாரும் கடல்ல போறவங்க. வைகாசி ஒத்திகையில, நான் பேர் வாசிச்சு முடிச்ச பெறவு, கையைத் தூக்கினா. சார், இந்த இடம் மார்கழிக்குச் சரி, ஆடிக்கு ஆவாதுன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மார்கழியில வடகிழக்க இருந்து வாடை அடிக்கும், மெஷின் ரூம்ல உள்ளது உப்பளத்துப் பக்கம் போயிரும். ஆடியில தென்மேக்க இருந்து கச்சான் அடிச்சா எல்லாம் நேரா இந்தக் கொடிக்கம்பத்துக்குத்தான் வரும், அப்ப நாம உப்பளத்துப் பக்கம் போவணும் சார்ங்கா. அறுபத்திரெண்டு பேரும் ஆமா ஆமான்னு தலையை ஆட்டுதாளுவ.

நான் கேட்டேன், மாசத்துக்கு ஒரு இடத்துல அசெம்பிளி நடத்துவாங்களாம்மா? பள்ளிக்கூடத்துல கொடியேத்தச் சொன்னா காத்தைப் பாத்தா கம்பத்தைப் பிடுங்கி நடுவோம்? இடம்னா இடம்தான். வாடை கச்சான்லாம் வலை வீசப் போறவனுக்கு. இது கம்பெனி. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொல்லிக் கலைச்சு விட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே விதி பதினஞ்சுன்னு ஒண்ணு சேத்திருக்கணும், ஒத்திகையில எவளும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு. விட்டுட்டேன். அதான் நான் செஞ்ச தப்பு.

காத்து காத்துன்னு இவளுவ மட்டும் இல்ல. வெளிநாட்டுக்காரனுக்காகச் சென்னையில இருந்து கம்பெனியைச் சோதிக்க வந்தவனும் ஒரு பட்டியல் வச்சிருந்தான், அதுல காத்துப் பைன்னு ஒண்ணு. விமான நிலையத்துல தொங்கும் பாருங்க, ஆரஞ்சுக் கலர்ல, சட்டைக் கை மாதிரி, காத்து அடிக்குத பக்கம் உப்பிக்கிட்டு நிக்கும். அது வேணுமாம். வாங்கிக் கொடிக்கம்பத்து உச்சியிலேயே கட்டினோம். அவன் படம் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நல்ல சாமான், பளபளன்னு இருந்தது. ஆனி கடைசியில காத்து எடுத்தது பாருங்க, அதைப் போட்டுக் கிழி கிழின்னு கிழிக்கு. ஓரம் நூல் பிரிஞ்சுட்டு. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, இந்தத் துணி எம்மாத்திரம்? அடுத்த சோதனைக்கு வெள்ளைக்காரனே வாரான், அப்ப கிழிஞ்சு தொங்கினா அசிங்கம்லா. அவுத்து மடிச்சு, அந்துருண்டை போட்டு, பீரோவுல பத்திரமா வச்சேன். இப்பவும் புதுசு மாதிரி இருக்கு, வந்தா காட்டுதேன்.

மறுநாள் காலையில கம்பத்துல ஒரு பழைய சேலைக் கிழிசல் பறக்கு. எவ வேலைன்னு கேக்கணுமா? கம்பெனிக் கொடி பறக்குத இடத்துல கிழிசல். அவுத்து எல்லார் முன்னாலயும் குப்பையில போட்டேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. பயந்துட்டான்னு நெனச்சேன். பயம் இல்ல அண்ணாச்சி அது, திமிரு. வாயைத் தொறக்காத திமிரு இருக்கே, அது ஏசுததை விட மோசம்.

ஆடி பதினெட்டு முடிஞ்சு ரெண்டாம் நாள். காலையில பதினோரு மணி இருக்கும். டீ குடிச்சுட்டு அவளுவ அப்பதான் உள்ள போனாளுவ. மெஷின் ரூம்ல பைப்பு ஜாயிண்ட் ஒண்ணு விட்டுட்டு. டமார்னு சத்தம் இல்ல, புஸ்ஸுன்னு ஒரு சீற்றம், அவ்வளவுதான். சைரன் அடிச்சுது. நான் என்ன செஞ்சேன்? ரிஜிஸ்டரை எடுத்தேன், விசிலை வாயில வச்சேன், நேரா கொடிக்கம்பத்துக்குப் போனேன். நாப்பது செகண்டு. அறுபது வயசுக்கு மேல நாப்பது செகண்டு, அதை எவனாவது எழுதினானா?

கதவு தொறந்துது. அறுபத்துமூணு பேரும் கம்பூட்ஸோட வந்தாளுவ, ஒருத்தியும் கை கழுவல. எனக்கு நெஞ்சு நெறஞ்சுட்டு. பாடம் ஏறிருச்சுன்னு நெனச்சேன். என்னைப் பாத்துத்தான் வந்தாளுவ, இருவது அடி வந்திருப்பாளுவ. அப்ப இவ நின்னா. ஈரக் கையை மேல தூக்கினா, இப்படி. ஒரு நொடி. பெறவு திரும்பி, "மேக்க திரும்புங்கட்டி, சேலையை நனைச்சு மூக்கைப் பொத்துங்க"ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான் அண்ணாச்சி. எட்டு மாசம் நான் ஊதின விசிலு, ஒம்பது ஒத்திகை, மூணு நிமிசம் நாப்பது செகண்டு, எல்லாம் ஒரு சத்தத்துல போச்சு. ஆட்டுக்குட்டிய மாதிரி அம்புட்டு பேரும் அவ பின்னால. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஓடுதாளுவ. ஐஸு உடைக்குத கடப்பாரையை எடுத்து நான் போட்ட பூட்டை உடைச்சிருக்கா. கம்பெனிச் சொத்து அது.

நான் ஓடல. கொடிக்கம்பத்தை விட்டு ஒரு அடி நகரல. விசிலை ஊதிக்கிட்டே நின்னேன். எல்லாரும் விட்டுட்டு ஓடினா நானும் ஓடணுமா? ரிஜிஸ்டரை விரிச்சேன். வரிசையா பேர் வாசிச்சு, ஆப்சென்ட் போட ஆரம்பிச்சேன். அப்பதான் வெள்ளையா ஒண்ணு வந்துது. பனி மாதிரி. கண்ணுல மொளகாப்பொடியை அள்ளிப் போட்டாப்ல. தொண்டை அடைச்சுட்டு. விசிலுக்குள்ள காத்துப் போக மாட்டேங்கு. இருபத்தேழாவது பேர் வரைக்கும் ஆப்சென்ட் போட்டிருக்கேன், நீங்க ரிஜிஸ்டரைப் பாக்கலாம், உள்ள வக்கீல் மேசையிலதான் இருக்கு. இருபத்தேழாவது பேருக்கு நேரா மை கோடு இழுத்துக்கிட்டு பக்கத்தோட ஓரம் வரைக்கும் போயிருக்கு. அதுக்குப் பெறவு எனக்கு ஒண்ணும் தெரியாது.

கண்ணு முழிச்சா உப்பளத்து வரப்புல கெடக்கேன். மூஞ்சியில தண்ணியை ஊத்திக்கிட்டே இருக்காளுவ. இவ முழங்கால் போட்டு உக்காந்திருக்கா, ஈரச் சாக்கு ஒண்ணு தலையில கெடக்கு, கண்ணு ரெண்டும் சிவந்து வழியுது. என் பெல்ட்டைப் பிடிச்சு அம்புட்டு தூரம் இழுத்துட்டு வந்திருக்கா. பெல்ட்டு அறுந்துட்டு. விசிலு எங்கேன்னு தடவிப் பாக்கேன், இல்ல. முப்பத்தோரு வருச விசிலு, கொடிக்கம்பத்துக்குக் கீழயே விழுந்துட்டு. அறுபத்துமூணு பேர்ல ஒருத்திக்காவது அதை எடுக்கணும்னு தோணிச்சா? நான் பேச வாயைத் தொறந்தேன், ரிஜிஸ்டர்னு கேக்கத்தான். அவ என்ன சொன்னா தெரியுமா?

"அறுபத்துமூணு பேரும் இருக்கோம் சார். எண்ணிப் பாத்தாச்சு. ஒங்க ஒரு ஆளைத்தான் காணும்னு வந்தேன்."

எப்படி இருக்கு? பேர் வாசிக்க வேண்டியவன் நான். இவளுவ தானா எண்ணிக்கிட்டு, அதுல என்னையும் ஒரு ஆளா சேத்து எண்ணிருக்காளுவ. ரிஜிஸ்டர்ல என் பேரே கெடையாது. வாத்தியார் பேரை எவன் அட்டெண்டன்ஸ்ல எழுதுவான்? வரிசையைப் பாக்குதவன் வரிசைக்குள்ள வருவானா? அந்த அறிவு கூட இல்ல.

ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். வேற யாருக்கும் ஒண்ணுமில்ல, ரெண்டு பேருக்குக் கண்ணெரிச்சல், அதுவும் மறுநாள் சரியாயிட்டு. யோசிச்சுப் பாருங்க. விதியை மதிச்சவன் ஒருத்தன், ஆஸ்பத்திரியில கெடந்தவனும் அந்த ஒருத்தன். மீறினவளுவ அறுபத்துமூணு பேரும் வீட்டுக்குப் போய் சோறு பொங்கித் தின்னாளுவ. இந்த நாட்டுல ஒழுக்கத்துக்கு மரியாதை எங்க இருக்கு? அவளுவ அதிர்ஷ்டம், குருட்டாம்போக்குல ஓடினாளுவ, தப்பிச்சாளுவ. அதைப் போய்க் காத்து, அறிவுன்னு பேசுதானுவ. வாயு கசிஞ்ச பெறவு சோதிக்க வந்த சர்க்கார் ஆளு கூட அவகிட்டதான் அரை மணி நேரம் பேசிக்கிட்டிருந்தாராம். என்கிட்ட வந்து காத்துப் பை எங்கன்னு கேட்டாரு. பீரோவுல இருக்குன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு.

டென்சிங் சாத்துக்குடி வாங்கிட்டு வந்து கட்டில்ல உக்காந்தான். வெளிநாட்டுக்காரன் கடுதாசி போட்டிருக்கானாம், திட்டம் சரியா இருந்தா ஏன் ஒருத்தரும் அசெம்பிளிக்கு வரலன்னு. சார், திட்டம் சரிதான், ஆளுவதான் மீறினாங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க, மீதியை நான் பாத்துக்கிடுதேன்னான். வாழ்க்கையில மொத தடவை அவன் வாயில இருந்து ஒரு சரியான பேச்சு வந்துது. எழுதிக் குடுத்தேன். மூணு குற்றம். ஒண்ணு, அசெம்பிளியை விட்டு ஆளுவளைத் திருப்பிக் கொண்டு போனது. ரெண்டு, பூட்டை உடைச்சது. மூணு, விதி பதினாலு, வெளிய போனவ திரும்பக் காம்பவுண்டுக்குள்ள வந்தது.

ஆமா, என்னைத் தூக்கத்தான் வந்தா. நீங்க கேப்பியள்னு தெரியும். என் வீட்டுக்காரியும் இதையேதான் கேக்கா, ரெண்டு மாசமா கேக்கா, சோத்தைப் போட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிடுதா. யாருக்காக வந்தாங்கிறது கேள்வியே இல்ல. எக்காரணம் கொண்டும்னு சிவப்பு மையில இருக்கு. நானும் ஒரு காரணம்தானே?

சாட்சியைக் கேள்வி கேக்க அவளுக்கு உரிமை உண்டாம். ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கா. கேக்கட்டும். காத்தைப் பத்திக் கேட்டா பதில் வச்சிருக்கேன். காத்துப் பையைக் கேட்டா பதில் இருக்கு. பூட்டைக் கேட்டா, வாஸ்து புஸ்தகத்தையே கொண்டு வந்திருக்கேன், பையில இருக்கு பாருங்க. நூத்திப் பதினெட்டு பக்கமும் எனக்கு மனப்பாடம், எந்தப் பக்கத்தை வேணும்னாலும் தொறக்கட்டும்.

கூப்பிடுதான். அவளை மொதல்ல போகச் சொல்லுதானே, சாட்சிதான மொதல்ல போவணும். சரி. இந்தப் பையை மட்டும் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, வந்துடுதேன்.

*

இருக்கியளா? நல்லது. கொஞ்சம் தள்ளுங்க. தண்ணி இருக்கா? உங்க பாட்டிலா, பரவால்ல, தூக்கிக் குடிக்கேன்.

முடிஞ்சுது. முக்கால் மணி நேரம். நான் நின்னுக்கிட்டேதான் சொன்னேன், உக்காரச் சொன்னாரு, உக்காரல. மூணு குற்றத்தையும் வரிசையா சொன்னேன். வக்கீல் எழுதிக்கிட்டாரு. டென்சிங் பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். பெறவு வக்கீல் அவளைப் பாத்து, கேளும்மான்னாரு.

காத்தைக் கேக்கல. பூட்டைக் கேக்கல. எந்திரிச்சு நின்னா, கையைக் கட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"விதி பதினாலுப்படி நான் திரும்பி வந்தது தப்புதான் சார். ஒத்துக்கிடுதேன். ஒங்க ஃபைல் படி, ஒங்களை யாரு வந்து தூக்கியிருக்கணும்?"

நான் பக்கத்தைச் சொல்ல வாயைத் தொறந்தேன். அறுபத்தி ஒம்பதுல இருந்து எழுபத்தஞ்சு வரைக்கும் அம்மோனியா. மனசுக்குள்ளயே ஒவ்வொண்ணா பொரட்டுதேன். அறுபத்தி ஒம்பது, சைரன். எழுபது, வரிசை. எழுபத்தி ஒண்ணு, கை இடைவெளி. பொரட்டிக்கிட்டே போறேன். எழுபத்தஞ்சு முடிஞ்சுட்டு. மறுபடியும் மொதல்ல இருந்து வாரேன். வக்கீல் பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. டென்சிங் சிரிக்கல. அப்படி ஒரு பக்கம் இல்ல அண்ணாச்சி.

யாரும் இல்லன்னு சொன்னேன். வக்கீலுக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாரு. ஃபைல் படி என்னைத் தூக்க யாரும் இல்லன்னு சத்தமா சொன்னேன். எழுதிக்கிட்டாரு. அவ, போதும் சார்னு உக்காந்துட்டா.

எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். அவமேல இல்ல. அவமேலயும்தான், ஆனா அது இல்ல. ஏழு பக்கம் எழுதினவன், ஒரு வரி விட்டிருக்கேன். என் பேரை விட்டிருக்கேன். மருமவனோட மில்லு ஃபைல்ல இருந்து காப்பியடிச்ச பக்கமா இருந்தாலாவது பழியை அங்க போடலாம், இது நானே எழுதினது. நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல இருந்துது. செத்துக் கெடந்திருப்பேன் அண்ணாச்சி, விதிப்படி, என் விதிப்படியே செத்துக் கெடந்திருப்பேன், வந்து பாக்கணும்னு எவனுக்கும் எழுதி வைக்கல. மேசையைப் பிடிச்சுக்கிட்டேன்.

ஆனா பலவேசம் மாஸ்டர் நியாயம் தெரிஞ்சவன். கேள்வித்தாள்ல தப்பு இருந்தா அந்தக் கேள்விக்குப் பிள்ளைக்கு மார்க்கைக் குடுத்துரணும், கொறைக்கக் கூடாது. வக்கீல்கிட்டச் சொன்னேன், மூணாவது குற்றத்தை அடிச்சிருங்க சார், ஃபைல்ல தப்பு இருக்கு, அந்தத் தப்பு என்னோடதுன்னு. டென்சிங் என் சட்டையைப் பிடிச்சு இழுக்கான். கையைத் தட்டி விட்டேன். அடிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நன்றி கின்றின்னு நெனச்சுக்கிடாதீங்க. மொத ரெண்டும் அப்படியே நிக்கு. இடத்தை விட்டு ஓடினது ஓடினதுதான், பூட்டை உடைச்சது உடைச்சதுதான், அதுல ஒரு எழுத்து மாத்தல. அதுக்கு மேல வக்கீல், அந்த இடத்துலயே நின்னிருந்தா அறுபத்துமூணு பேரும் என்ன ஆயிருப்பாங்கன்னு ஒரு கேள்வி கேட்டாரு. ஒழுங்கா இருந்திருப்பாங்கன்னேன். பேனாவை மூடிட்டாரு. வேலையை விட்டு எடுக்க ரெண்டு குற்றமே ஏராளம், மூணாவது போனா போகுது சார்னு டென்சிங் வெளிய வந்து மறுபடியும் பல்லைக் காட்டிட்டான். அடுத்த வாரம் கடுதாசி வீட்டுக்குப் போயிருமாம்.

அவ இப்பதான் இறங்கிப் போனா, நீங்க பாத்திருப்பிய. என் முன்னால ஒரு நிமிசம் நின்னால்லா? ஏசப் போறான்னு நெனச்சேன். பதினோரு வருச வேலை போகப் போகுது, ஏசினா நானும் பதிலுக்கு ஏசலாம்னு நிமிந்து நின்னேன். ஏசல. நான் இருமுததையே பாத்துக்கிட்டு நின்னா. பெறவு மெதுவா சொன்னா.

"நாளைக்கோ நாளான்னைக்கோ வாடை திரும்பிரும் சார். இனிமே தை முடியுத வரைக்கும் நீங்க கொடிக்கம்பத்துக்கிட்ட நிக்கலாம்."

சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டா. கேட்டியளா அண்ணாச்சி? கடைசியில அவ வாயாலயே ஒத்துக்கிட்டால்லா, நான் தேந்தெடுத்த இடம் சரிதான்னு. இந்த ஒரு வார்த்தையை உள்ள வச்சு வக்கீல் முன்னால சொல்லியிருந்தா, அவளுக்கு வேலையாவது மிஞ்சியிருக்கும்.